சித்தி மறந்தால்தான் காந்தல்

என் சித்தி ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு துணியைக்கூட அவள் தீய்த்ததில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்பு, டாக்டர் கோட்டு, யாரோ ஒரு பாடகி மேடைக்கு உடுத்திக்கொள்ளும் சல்லாத் துணி, எல்லாம் அவளுடைய நீராவிப் பெட்டிக்கு அடியில் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன. அவள் தீய்த்ததெல்லாம் வீட்டில், அதுவும் சோற்றை மட்டும்தான்.

அடுப்பில் அரிசியை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போவாள். கீழே யாராவது ஒரு பழைய சோபாவை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பார்கள். அது படிக்கட்டில் திரும்புமா திரும்பாதா என்பது சித்திக்குத் தெரிந்தாக வேண்டும். இறக்குகிறவர்களுக்கு மேலேயிருந்து யோசனையும் சொல்வாள். சோபா ஒருவழியாகத் திரும்பி மறையும்போது இங்கே பானையின் அடியில் விரல் கனத்துக்குச் சோறு பிடித்துச் சிவந்திருக்கும். அதுதான் காந்தல்.

வேறு வீடாக இருந்தால் திட்டு விழும். எங்கள் அம்மா வழிக் குடும்பத்தில் அடிதடி நடக்கும், அந்தக் காந்தல் யாருக்கு என்று. அம்மாவும் சித்தியும் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே வீட்டில் இதற்கு ஒரு சட்டம் இருந்ததாம். பானையைத் தேய்ப்பவருக்கே காந்தல். பிள்ளைகளை வேலை வாங்க யாரோ ஒரு புண்ணியவான் போட்ட சட்டம். அதனால் நடந்தது என்னவென்றால், வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பானை தேய்க்க முண்டியடித்தார்கள். விருந்தாளிகள் வந்தால் மேல்சோற்றை அவர்கள் தட்டில் மலைபோலக் குவித்துவிட்டு, அடிச்சோறு வருவதற்குள் அவர்களைக் கை கழுவ அனுப்பிவிடுவார்கள். உபசாரம் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப் பையோடு திரும்பியிருந்தேன். அம்மா வீட்டில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அதற்குள் அலமாரியைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கும் மாற்றிப் பார்த்துவிட்டேன். அம்மா என் பையை எடுத்து வாசலில் வைத்து, "கொஞ்ச நாள் உன் சித்தி வீட்டுல போய் அவ அலமாரியை நகர்த்து" என்றாள். அப்படித்தான் நான் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே சண்டை. சித்தப்பா பஸ் ஓட்டுகிறவர். பரமசாது. சாலையில் யார் குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவார். அவரே அன்றைக்குக் கரண்டியோடு பானைக்குள் தலையை விட்டிருந்தார். சித்தி அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொன்னேன். "நான் போன ஒரு ஊர்ல, பெரிய ஓட்டல்லயே இதைக் கவுத்துத் தட்டுல வைக்கிறாங்க சித்தி. சமையல்காரரே வந்து மேசையில வைக்கிறார். எல்லாரும் கை தட்டுறாங்க."

சித்தி காலரை விட்டாள். "காசு வாங்குறாங்களா?"

"சோத்தைவிட இதுக்குத்தான் அதிகம்."

"தீஞ்சதுக்கா?"

"தீஞ்சதுக்குத்தான்."

கல்யாணமான நாளிலிருந்து தன் பக்கம் நியாயம் இருந்ததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவள் மாதிரி சித்தி மெதுவாகத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இத்தனை வருஷம் என்னைத் திட்டினீங்களே."

"தீய்ச்சதுக்கு நான் எப்போ திட்டினேன்? எனக்குக் குடுக்கலைன்னுதானே திட்டினேன்" என்றார் சித்தப்பா, வாயில் இருந்ததை மென்றுகொண்டே.

மறுநாள் காலையில் சித்தி சலவைக்கூடத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்தாள். காந்தல் கடை வைக்கப்போகிறாளாம். சூப்பர்வைசர் அவளிடம், "மாசம் முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை நீங்க வரலைன்னா உங்க பெட்டிக்கு வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கூடத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத நீள அறை. கூரையிலிருந்து தொங்கும் குழாய்களில் ஆவி சீறிக்கொண்டே இருக்கும். எதிரே நிற்பவர் முகம் தெரியாது, குரல்தான் வரும். கழிவறைக்குப் போக மணி அடித்து அனுமதி கேட்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சித்தியின் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும்விட அவளுக்குக் கசந்தது, அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான்.

"கடை ஓடலைன்னா நான் திரும்ப அந்த நீராவிக்குள்ளதான் போய் நிக்கணும். அதனால ஓடித்தான் ஆகணும்" என்றாள் சித்தி.

சித்தப்பா அன்று சாயங்காலமே ஒரு பலகையும் பெயின்ட்டும் வாங்கி வந்துவிட்டார். 'எங்கள் பரம்பரைக் காந்தல்' என்று எழுதச் சொன்னாள் சித்தி. சித்தப்பா தூரிகையைக் காற்றில் நிறுத்தினார். "பரம்பரை பரம்பரையா சோத்தைத் தீய்ச்சுக்கிட்டு வர்றோம்னு போர்டுலயா போடுவாங்க?"

"நாம பண்ணாததையா போடுறோம்? பண்ணினதைத்தானே போடுறோம். எழுதுங்க."

எழுதினார். பெயின்ட் காய்ந்தது. சித்தி தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, அடிகனமான பெரிய அலுமினியப் பானையில் அரிசி போட்டு, அளவாகத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, முதல் வியாபாரக் காந்தலுக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தண்ணீர் வற்றியது. தீயைக் குறைத்தாள். பொறுமையாகக் காத்திருந்து பானையைக் கவிழ்த்தாள்.

வெள்ளை வெளேரென்று, பூப்போல, ஒரு பருக்கைகூட ஒட்டாத சோறு. அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சோற்றை ஒழுங்காகப் பொங்கியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டாவது பானையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. பக்கத்தில் நின்று கவனித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. லேசாகக் காந்தும் வாசனை வந்த உடனே சித்தியின் கை அவளைக் கேட்காமலே போய் அடுப்புக் குமிழைத் திருப்பி அணைத்துவிடும். சலவைக்கூடத்தில் ஒரு துணியையும் தீய்க்காத அத்தனை வருஷமும் அந்தக் கையில் ஏறியிருந்தது.

"கையைப் பின்னால கட்டிக்குங்க சித்தி" என்றேன். கட்டிக்கொண்டாள். முழங்கையால் அணைத்தாள்.

நானே பொங்கிப் பார்த்தேன். கரி. சித்தப்பா பொங்கினார். அதைக் கஞ்சி என்று சொல்வதா பசை என்று சொல்வதா என்று தெரியவில்லை, பலகையை வாசலில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கைபேசியில் மணி வைத்தும் பார்த்தோம். ஒரு பானை மாதிரி மறு பானை இல்லை, அரிசிக்கு அரிசி வேறு மாதிரி நடந்துகொண்டது. சித்தியின் மறதிக்கு மட்டும் ஒரு பக்குவம் இருந்தது. எதையாவது மறந்துபோய் வேடிக்கை பார்த்துவிட்டு அவளாகத் திடுக்கிட்டுத் திரும்பும் அந்த நேரம் இருக்கிறதே, அப்போதுதான் காந்தல் சரியாகச் சிவந்திருக்கும்.

"அப்போ என்னை மறக்க வைங்க. அதுதான் உங்க வேலை" என்று சித்தி எங்களுக்கு உத்தரவு போட்டாள்.

இப்படி ஒரு வேலைக்கு நான் எந்த நாட்டிலும் போனதில்லை. தினமும் காலையில் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள், நாங்கள் அவள் கவனத்தைக் கலைப்போம். நான் என் பயணக் கதைகளை எடுத்துவிட்டேன். நடுக்கடலில் படகு எஞ்சின் நின்றுபோன கதையைக் கைகால் ஆட்டிச் சொன்னேன். சித்தி "ம், அப்புறம்?" என்றாள். கை குமிழின் மேலேயே இருந்தது. என்னுடைய எந்தக் கதைக்கும் சோறு நிறம்கூட மாறவில்லை.

சித்தப்பாவுக்குச் சண்டைப் பொறுப்பு. டிப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "உன் தம்பி போன தடவை வந்தப்போ என்னை மதிக்கவே இல்லை" என்பார்.

"ஆமாங்க, அவன் அப்படித்தான். நானே கண்டிச்சேன்" என்பாள் சித்தி, பானையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சித்தப்பா "சரி, அப்போ சரி" என்று சொல்லிவிட்டுப் போய்க் கை கால் கழுவுவார்.

கடைசியில் கைகொடுத்தது அம்மாதான். சோறு பொங்கும் நேரம் பார்த்துச் சித்திக்குப் போன் போடச் சொன்னேன். அம்மா ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண் புருஷனை விட்டுவிட்டுப் போன செய்தியோடு ஆரம்பித்தாள். சித்தி போனோடு ஜன்னலுக்கே போய்விட்டாள். அன்றைக்குத்தான் முதல் உருப்படியான காந்தல், பொன்னிறத்தில், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும்படியாக வந்தது. சாதாரண வம்புக்கு வெளிர் பழுப்பு, விவாகரத்துக்குப் பொன்னிறம், சொத்துத் தகராறுக்குச் செக்கச்சிவப்பு என்று எங்களுக்கு ஒரு கணக்கே பிடிபட்டது. அம்மாவும் செய்திகளைச் சிக்கனமாக, ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துவிட்டாள்.

ஆனால் எந்தக் குடும்பத்தில் தினமும் ஒரு விவாகரத்து நடக்கிறது? இரண்டாவது வாரத்தில் அம்மாவிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தாள். இல்லாத பெண்களுக்கு இல்லாத மாப்பிள்ளைகளைக் கட்டிவைத்து, மறுநாளே பிரித்தாள். சித்தியும் கேட்டாள், காந்தலும் வந்தது. ஒருநாள் சித்தி ஜன்னலிலிருந்து திரும்பி நின்று, "இரு இரு. இந்தப் பொண்ணு போன வாரந்தானே வீட்டை விட்டு ஓடிப்போனா? இப்போ எப்படி மாமியாரோட சண்டை போடுறா?" என்றாள். அம்மா போனை வைத்துவிட்டாள். அன்றைய சோறு பூப்போல வந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரு கைப்பிடிக் காந்தலுக்கு ஒரு பானை மேல்சோறு. அரிசியைக் குறைத்துப் போடலாமே என்றேன். "மேல பாரம் இருந்தாத்தான் அடியில பிடிக்கும். சித்திக்கே சொல்லித் தர வந்துட்டியா?" என்றாள் சித்தி. ஆகவே மேல்சோற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். எதிர் வீட்டுத் தையல்காரர் முதல் நாள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் உட்கார்ந்தபடி வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த நாள் நான் கதவைத் தட்டியதும் உள்ளே தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"அண்ணே, சோறு."

"வீட்டுல யாரும் இல்லம்மா" என்றது தையல்காரரின் குரல்.

"அப்போ பேசுறது யாரு?"

 கதவு ஒரு விரற்கடை திறந்தது. "சோறு வேணாம்மா. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு வாசனை வருதே, அது என்ன? அது இருந்தா ஒரு துண்டு குடு. காசு தர்றேன்."

அவர்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். ஆனால் ஒரு தையல்காரரை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாதே. மாதம் கரைந்துகொண்டிருந்தது. சித்தி நடுநடுவே போய்த் தன் சலவைக்கூடச் செருப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அதைக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள். கடைசியில் போட்டுக்கொள்ள வேண்டி வருமோ என்ற பயத்தில் அதை அவள் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அப்போதுதான் சித்தப்பா தன் வாழ்நாளின் வீரச்செயலைச் செய்தார். டிப்போ கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளேயிருந்த காந்தல் துண்டுகளை நான்கு கண்டக்டர்களுக்கு நடுவில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்கக் கேன்டீன் மேனேஜர் வெளியே வந்தார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சித்தப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். டிரைவர்கள் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பானையை அடிப்பிடிக்க விட்ட சமையல்காரர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவரிடம்தான் கேன்டீனின் பக்கவாட்டு ஜன்னல் இருந்தது. முன்பு யாரோ பத்திரிகை விற்ற இடம், இப்போது சும்மா பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லா டிரைவர்களும் கண்டக்டர்களும் ஷிப்டுக்குப் போக வேண்டும். சித்தப்பா தரையைப் பார்த்தபடியே அந்த ஜன்னலைச் சித்திக்குக் கேட்டுவிட்டார்.

"தீஞ்ச சோத்தை விக்க என்கிட்டயே இடம் கேக்குறீங்களா?" என்றாராம் மேனேஜர் அம்மா. கீழே விழுந்த நாற்காலியையும் ஒரு கண்டக்டரின் கிழிந்த சட்டைப் பையையும் பார்த்தாராம். "சமைக்கிற இடத்தைப் பார்க்காம நான் எதுவும் சொல்றதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வர்றேன். சூடா சாப்பிட்டுப் பார்த்துட்டு சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் சூப்பர்வைசர் சொன்ன திங்கட்கிழமை.

சனிக்கிழமை காலையிலிருந்தே சித்தி பேய் முழி முழித்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அகலம்தான். அதைத் தேய்த்துத் தேய்த்துச் சுவர் பெயின்ட்டே ஓரிடத்தில் போய்விட்டது. முதல் பானை ஏற்றினாள். சித்தப்பா அவள் தம்பியைப் பற்றிக் குறை சொன்னார். நான் படகுக் கதையில் புதிதாக ஒரு சுறாவைச் சேர்த்தேன். சித்தி எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தாள். பானை வெள்ளை.

இரண்டாவது பானைக்கு நான் தெருவுக்கே இறங்கிப் போய், ஜன்னலுக்கு நேர் கீழே தையல்காரரின் நாற்காலியை வாசல் வழியாக நுழைக்க முடியாததுபோல நடித்தேன். தையல்காரரும் ஒத்துழைத்தார். "மேலே தூக்கு, மேலே தூக்கு" என்று கத்தினார். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அது மடக்கு நாற்காலிம்மா, மடக்கி எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுவும் வெள்ளை.

அரிசி இன்னும் ஒரே ஒரு பானைக்குத்தான் இருந்தது. சித்தி அதை அடுப்பில் ஏற்றிவிட்டு, சிலைபோல நின்றாள்.  "விடுங்க. நான் போய் இஸ்திரியே போடுறேன். எனக்கு நல்லா வர்றது அதுதான்" என்றாள். சித்தப்பா அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து சேர்ந்தாள். மேனேஜர் அம்மாவைப் பார்க்க நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையெல்லாம் மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் வந்திருந்தாள். சமையலறைக்குள் தலையை நீட்டி, கழுவிக் கவிழ்த்திருந்த முந்தைய இரண்டு பானைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"பெரிய மனுஷி வர்ற நேரத்துல பானையை இப்படியா தேய்ச்சு வைப்பே? பிசுபிசுன்னு இருக்கு" என்றாள்.

சித்தி மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு? நீயா? நீயா அக்கா பானை தேய்க்கிறதைப் பத்திப் பேசுறே?"

"ஏன், நான் பேசக் கூடாதா?"

"ஒரு முழுப் பானைக் காந்தலைத் தின்னுட்டு, வயித்தை வலிக்குதுன்னு சொல்லிப் போய்ப் படுத்துக்கிட்டவதானே நீ? அந்தப் பானையைத் தேய்ச்சது யாரு?"

"எனக்கு அன்னைக்கு நிஜமாவே வயித்து வலி."

"காந்தலைத் தின்னு முடிக்கிற வரைக்கும் வராத வலி, பானையைப் பார்த்ததும் வந்துச்சாக்கும்."

"அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசுடி. இத்தனை வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டு இருக்கியா?"

"மனசுல இல்லை, கையில வெச்சிருக்கேன். பாரு, நகக்கண்ணு. அந்தப் பானையைச் சுரண்டினதுல வந்தது."

"அது கதவுல நசுங்கினது. நான்தானே மருந்து போட்டேன்."

"கதவை மூடினதே நீதானே."

அதற்குப் பிறகு எதெல்லாமோ வந்தது. யார் யாருடைய ரிப்பனை எடுத்தது, யார் கல்யாணத்தில் யார் முதல் பந்தியில் உட்கார்ந்தது, நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது யார் மடியில் அதிக நேரம் தூங்கினேன் என்பதுவரை. இருவரும் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து பால்கனிக்குப் போய், அங்கே நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாதாடினார்கள். தையல்காரர் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவும் நானும் மூச்சுவிடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் அதைத் தொடவில்லை. தொட்டால் குட்டிச்சுவராகிவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

நடுவாக்கியத்தில் சித்தி நின்றாள். மூக்கு மேலே போயிற்று. அம்மாவின் மூக்கும் போயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடிவந்தார்கள்.

சித்தி அடுப்பை அணைத்து, மேல்சோற்றை ஒரு தாம்பாளத்தில் கொட்டிவிட்டுப் பானைக்குள் பார்த்தாள். அப்படி ஒரு காந்தலை நான் இதுவரை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. ஓட்டையோ வெடிப்போ இல்லாமல், ஓரத்தில் தேன் நிறமும் நடுவில் செம்புநிறமுமாக, முழு வட்டமாகப் பானையின் அடியில் உட்கார்ந்து மெல்லச் சிடுசிடுத்துக்கொண்டிருந்தது. 

"உப்பு சரியா இருக்கான்னு பார்த்துடுறேன்" என்றாள் சித்தி. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை உடைத்தாள்.

"நானும் பார்க்குறேன். உனக்கு எப்பவும் உப்பு தெரியாது" என்றாள் அம்மா.

"ஓரத்துல எடு அக்கா, நடுவுல கை வைக்காதே."

"நீ எடுத்தது மட்டும் ஓரமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. இரண்டு கரண்டிகள் எங்கிருந்தோ வந்தன. அம்மாவின் நல்ல புடவை முந்தானை இடுப்பில் செருகப்பட்டது. முழங்கையும் தோளும் இடித்துக்கொண்டன. "வேண்டாம், வேண்டாம்" என்றபடி தடுக்கப் போன சித்தப்பாவின் கையில் ஒரு துண்டு கிடைத்தது. அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எனக்குக் கிடைத்தது கைப்பிடிப் பக்கத்துத் துண்டு.

வாசலில் மணி அடித்தபோதுதான் சித்திக்கு நினைவு வந்தது.  கதவு பூட்டியிருக்கவில்லை. மேனேஜர் அம்மா தானே உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் நின்றார். குட்டையான, அழுத்தமான உருவம். தோளில் மடித்துப் போட்ட துவாலை. அவருக்கு முன்னால் வாய் நிறைய மென்றபடி நான்கு பேர், நடுவில் ஒரு காலிப் பானை.

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "எனக்குக் காட்டுறதுக்கு வெச்சது எங்கே?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் இருந்தது. அம்மா தன் கையிலிருந்த கடைசித் துண்டைச் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மேனேஜர் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்லையே" என்றாள் அம்மா.

சித்தி மென்றதை விழுங்கினாள். "தப்பு எங்க மேலதான் மேடம். சூடா வந்துச்சு. நாங்களே தின்னுட்டோம். எங்க குடும்பத்துக்கே இது ஒரு வியாதி. வேற அரிசியும் இல்லை."  "உங்களை வீணா அலைய வெச்சுட்டோம்."

மேனேஜர் அம்மா சித்தியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். பானையைச் சாய்த்து, அடியில் ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டினார். பழக்க தோஷத்தில் சித்தி தன் முழங்கையால் அவரைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்ட பிறகுதான் யாரைத் தள்ளினோம் என்று தெரிந்து, கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அம்மா நகரவில்லை. பதிலுக்குத் தன் முழங்கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் சுரண்டி எடுத்தார், வாயில் போட்டார், கண்ணை மூடி மென்றார். கரகரவென்ற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என் கேன்டீன்ல இருக்குற சமையல்காரங்க," என்றார், "எல்லாரும் மத்தியானத்துக்கு வீட்டுலேர்ந்து டப்பா கொண்டு வர்றாங்க. அவங்க சமைச்சதை அவங்களே தொடுறதில்லை. இத்தனை வருஷத்துல, சமைச்ச ஆளு பறிச்சுத் தின்னு நான் பார்த்ததில்லை." கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். "கேன்டீனுக்கு எப்படியும் தினம் சோறு பொங்கணும். மேல இருக்குறது எனக்கு, அடியில இருக்குறது உங்க ஜன்னலுக்கு. திங்கக்கிழமை காலையில வந்துடுங்க."

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். திங்கட்கிழமை என்ற வார்த்தை வேறு மாதிரி ஒலிக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. சித்தப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசல்வரை போன மேனேஜர் அம்மா திரும்பி நின்றார். "ஒண்ணு. இந்த அக்காவைக் கூட்டிட்டு வராதீங்க. இவங்க வந்தா விக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அது முடியாதுங்க மேடம்" என்றாள் சித்தி. "அக்கா இல்லைன்னா அடியே பிடிக்காது."

மேனேஜர் அம்மா என் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி இவங்க என்ன பண்ணுவாங்க?"

சித்தி யோசித்தாள். "எனக்கு உதவியா இருப்பாங்கன்னு வெச்சுக்குங்களேன்."

"உதவியா?" அம்மா முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். "நான் மூத்தவடி. உனக்கு நான் உதவியாளா?"

"பின்னே, முதலாளியா? காந்தல் யாரோட காந்தல்?"

"யாரோடதுன்னு இப்போ சொல்லவா? உனக்கு அரிசி களையக் கத்துக் கொடுத்ததே நான்தானே?"

"நீ கத்துக் கொடுத்தியா? கல்லோட பொங்கி எல்லாருக்கும் பல்லு போச்சே, அதைத்தானே சொல்றே?"

சித்தப்பா எதிர் வீட்டுக்குப் போய்த் தையல்காரரிடம் ஒரு பானை அரிசி கடன் வாங்கி வந்தார். அதைக் களைந்து பானையில் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தார். மேனேஜர் அம்மா கூடத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.